முதல் நாளுக்கு முன்பே ஒரு ஒத்திகை

ஆட்டிசம் உள்ள பிள்ளை பள்ளி மாறும்போதோ கல்லூரியில் சேரும்போதோ, பாடத்தைவிட அதிகம் மிரட்டுவது 'அடுத்து என்ன நடக்கும்' என்று தெரியாத நிலைதான். அதனால் வகுப்பு தொடங்கும் முன்பே, கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து இரண்டு மூன்று முறை அழைத்துப் போய்க் காட்டிவிடுங்கள். வாசலில் இருந்து வகுப்பறை வரை நடந்தபடியே போனில் வீடியோ எடுங்கள். கழிப்பறையை விட்டுவிடாதீர்கள். தாழ்ப்பாள் எப்படித் திறக்கும், கை உலர்த்தும் மெஷின் எவ்வளவு சத்தம் போடும் என்பதெல்லாம் நமக்குச் சின்ன விஷயம். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காத பிள்ளைகள் உண்டு. வீட்டில் பிள்ளை கேட்கிறபோதெல்லாம் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுங்கள், சலிக்காமல்.

இரைச்சல் தாங்காதபோது ஒதுங்கி உட்கார ஓர் இடத்தையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். நூலகத்தின் ஒரு மூலைகூடப் போதும். அங்கே போக வேண்டும் என்று வாய்திறந்து கேட்க முடியாத நேரத்தில் மேஜைமேல் வைக்க ஒரு வண்ண அட்டை இருக்கட்டும்.

கல்லூரி கொஞ்சம் வேறு மாதிரி. பள்ளியில் நாம் போய் ஆசிரியரிடம் பேசுவோம். கல்லூரியில் பெரும்பாலும் மாணவரேதான் கேட்க வேண்டும். தேர்வில் கூடுதல் நேரம், தனி அறை போன்றவற்றுக்கு ஆட்டிசத்துக்கான சான்றிதழோடு சீக்கிரமே விண்ணப்பித்துவிடுவது நல்லது. நேரில் கேட்கத் தயங்குபவருக்கு மின்னஞ்சல் எளிது. "எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. வாயால் சொல்வதை எழுத்திலும் தந்தால் உதவியாக இருக்கும்" என்று இரண்டு வரி போதும். அப்புறம், யாரிடமெல்லாம் சொல்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.