பளபளப்பான ஜப்பானியப் பயனெட்டும் என் பழைய முட்டாள்தனமும்

போன மாதம் ஒரு தம்பி கண்ணாடி போல மின்னும் டைப் 30 பயனெட் (ஜப்பானிய ராணுவம் துப்பாக்கி முனையில் மாட்டிய கத்தி) ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். "ரெண்டு நாள் உட்கார்ந்து தேய்ச்சேண்ணா." எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் முதல் பயனெட்டை நானும் அப்படித்தான் கெடுத்தேன். துரு, எண்ணெய் சமாச்சாரமெல்லாம் எல்லோருக்கும் தெரியும்; அதை விடுவோம். பழைய பயனெட் சேகரிப்பவர்கள் செய்யும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

கறுத்த அலகை அழுக்கு என்று நினைப்பது

ஆரம்ப கால அலகுகள் பூச்சில்லாமல் வெள்ளையாகவே வந்தன. வெயிலில் மின்னிக் காட்டிக்கொடுக்கும் என்பதால் பின்னாளில் நீலக் கறுப்பாக்கினார்கள். அது மேலே பூசிய பெயின்ட் அல்ல, எஃகின் தோல். உரித்தால் திரும்ப வராது.

என்னிடம் இருந்தது நேரான கைக்காப்பு (பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள குறுக்குத் தகடு) வைத்த பிற்காலத்துப் பயனெட். நான் படத்தில் பார்த்ததோ, காப்பின் ஒரு முனை கொக்கியாக வளைந்த, வெள்ளை அலகு கொண்ட பழைய வகை. "நம்முடையது மட்டும் ஏன் கறுப்பு?" என்று பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்துவிட்டேன். விற்கப் போனபோது பெரியவர் ஒருவர் அலகைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் பக்கம் திருப்பி, அலகு காப்பைத் தொடும் மூலையை மட்டும் பார்த்தார். அங்கே நூல் கனத்துக்கு நீலம் மிச்சமிருந்தது. கொடுத்த விலையில் பாதிகூட வரவில்லை.

நீங்களும் அந்த மூலையைப் பாருங்கள். அப்புறம் முத்திரை எழுத்துகளின் குழி, அலகில் ஓடும் பள்ளத்தின் ஓரம். (அந்தப் பள்ளம் எடையைக் குறைக்கத்தான், ரத்தம் வழியும் கதையெல்லாம் சும்மா.) முத்திரையின் விளிம்பு மழுங்கியிருந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள். கொக்கி இருந்தால் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. கொக்கியோடு நீலமாகவே வந்தவையும் உண்டு.

தேய்த்ததை மறைக்க, எஃகை நீலக் கறுப்பாக்க பாட்டிலில் விற்கும் ப்ளூயிங் திரவத்தைத் தடவுவது அடுத்த கூத்து. துரு தின்ற குழியின் அடியிலும் அதே நீலம் சீராக இருந்தால், துருவுக்குப் பிறகு ஏறிய நிறம் அது.

டைப் 30 என்றால் 1930 என்பது

மெய்ஜி 30, அதாவது ஜப்பானியப் பேரரசர் மெய்ஜி ஆட்சியின் 30-ஆம் ஆண்டு. நம் கணக்கில் 1897.

நான்கு வட்ட முத்திரை என்றாலே டோக்கியோ ஆயுதசாலையில் செய்தது என்பது

கொகுரா ஆயுதசாலையும் அதையேதான் குத்தியது.

குட்டை அலகெல்லாம் பாராசூட் வீரருடையது என்பது

டைப் 30 அலகு சுமார் 40 செ.மீ., பாராசூட் படையின் டைப் 2 அலகு சுமார் 20 செ.மீ. ஆனால் போருக்குப் பிறகு நீள அலகை வெட்டிக் குறைத்தவர்களும் உண்டு. பள்ளம் நுனி வரை ஓடினால் சந்தேகப்படுங்கள்.

மர உறையைத் தூக்கி எறிவது

போர் முடியும் தறுவாயில் இரும்பு கிடைக்கவில்லை. மரத்திலும் மூங்கிலிலும் உறை செய்தார்கள். அலகில் பள்ளம் வெட்டுவதைக்கூட விட்டுவிட்டார்கள். தெரிந்தவர் ஒருவர் "இது ஏதோ டூப்ளிகேட்" என்று மூங்கில் உறையை வீசிவிட்டு, கடையில் இரும்பு உறை வாங்கி மாட்டினார். சேகரிப்பவர்கள் இப்போது தேடி அலைவது அந்த மூங்கில் உறையைத்தான்.