மெட்டலை இனம்பிரிக்க டிரம்ஸிலிருந்து தொடங்குங்கள்

மெட்டல் என்ற கனமான ராக் இசையைக் கேட்க ஆரம்பிக்கும் எல்லோரும், அது எந்த வகை என்று பிரிக்க, முதலில் பிடித்துக்கொள்வது குரலைத்தான். உறுமினால் டெத், கிறீச்சிட்டால் பிளாக், ராகமாகப் பாடினால் ஹெவி என்று ஒரு கணக்கு. பாதி நேரம் அந்தக் கணக்கு காலை வாரிவிடும். நான் டிரம்ஸ் வாசிப்பவன், எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் உண்டுதான். ஆனாலும் சொல்கிறேன்: முதலில் டிரம்ஸ், அடுத்து கிட்டாரை மீட்டும் கை, கடைசியில் குரல். இந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள்.

ஒரு ஹெட்போன் வேண்டும். போன் ஸ்பீக்கரில் கிக் டிரம்மும் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) பேஸ் கிட்டாரும் காணாமல் போய்விடும், அடையாளங்களில் பாதி அங்கேதான் இருக்கிறது. சத்தத்தை மிதமாகவே வையுங்கள். கூட்டி வைத்தால் எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும்.

பாட்டு ஓட ஆரம்பித்ததும் ஸ்நேர் அடியை, அதாவது ‘டக்’ என்று கூர்மையாக வெடிக்கும் சிறிய டிரம்மின் அடியை மட்டும், விரலால் தொடையில் தட்டுங்கள். இரண்டு தட்டுகளுக்கு நடுவே நிதானமாக மூச்சு விட முடிகிறதென்றால் அது பெரும்பாலும் டூம். இதன் வேர் பிர்மிங்ஹாமில், 1970-இல் வந்த பிளாக் சபாத் என்ற குழுவின் முதல் ஆல்பத்தில் இருக்கிறது. அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி இடது கைக்காரர். இளவயதில் தொழிற்சாலை விபத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். கம்பியை அழுத்த வேண்டிய கை அது. பிளாஸ்டிக்கை உருக்கித் தானே தொப்பி செய்து விரல்களில் மாட்டிக்கொண்டார், மெல்லிய கம்பிகளுக்கு மாறினார். 1971-இல் சுருதியையும் இறக்கினார். கம்பி தளர்ந்தது, ஒலி கனத்தது. பிற்பாடு கேண்டில்மாஸ், செயிண்ட் வைட்டஸ் போன்ற குழுக்கள் எல்லாம் கட்டியது இந்தக் கனத்தின் மேல்தான். இன்னும் மெதுவாக, உறுமலும் ஆர்கனும் சேர்ந்து வந்தால் ஃபியூனரல் டூம். அதற்குப் பொறுமை வேண்டும். எனக்கு அதிகம் கிடையாது.

தட்டும்போது குதிரை ஓடுவதுபோல் ‘தகதும் தகதும்’ என்று வந்தால் நீங்கள் ஹெவி மெட்டலில், ஐயர்ன் மெய்டன் குழுவின் பக்கம் இருக்கிறீர்கள். இரண்டு கிட்டார்கள் ஒரே மெட்டைச் சற்று விலகிய சுரங்களில் இணைந்து வாசிப்பதையும் கவனியுங்கள். 1980 வாக்கில் பிரிட்டனில் எழுந்த அந்த அலைதான் பின்னால் வந்த பலதுக்கும் தாய். அதே மெட்டுக்கு அடியில் இரண்டு கால்களாலும் இடைவிடாமல் கிக் டிரம் ஓட, குரல் உச்சிக்குப் போனால் பவர் மெட்டல்: ஜெர்மனியின் ஹெலோவீன், பிளைண்ட் கார்டியன்.

அடுத்தது த்ராஷ். ‘தும்தக் தும்தக்’ என்று கிக்கும் ஸ்நேரும் மாறி மாறி, ஓட்டமாக ஓடும். வேகம்தான், ஆனால் ஒவ்வொரு ஸ்நேருக்கும் தலையாட்ட முடியும். இங்கே கிட்டார் கையைக் கவனியுங்கள். உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிகள் மேல், பிரிட்ஜ் (கம்பிகளின் கீழ்முனையைத் தாங்கும் கட்டை) பக்கத்தில் லேசாகப் பதித்துக்கொண்டு அடிப்பார்கள். கம்பி நீண்டு ஒலிக்காமல் ‘ஜக் ஜக்’ என்று வெட்டுப்பட்டு விழும். இதற்குப் பெயர் பாம் மியூட். 1983-இல் மெட்டாலிகாவின் முதல் ஆல்பம் வந்தது. 1986-இல் ஸ்லேயர் ஒரு ஆல்பத்தின் பத்துப் பாட்டை அரை மணி நேரத்துக்குள் முடித்தது. த்ராஷ் கற்றுக்கொள்ள அந்த ஸ்லேயர் ஆல்பம் ஒன்றே போதும் என்பேன்.

இனி பலரும் குழம்புகிற இடம். தட்டிக்கொண்டிருந்த விரல் ஒரு கட்டத்தில் கைவிட்டுவிடும். ஸ்நேர் தனித்தனி அடியாக இல்லாமல் ஒரே கோடாகக் கேட்கும். அதுதான் பிளாஸ்ட் பீட். 1987-இல் வந்த ஆல்பத்தில் நேபாம் டெத் குழுவின் டிரம்மர் மிக் ஹாரிஸ் இதைப் பிரபலமாக்கினார். அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டு ஒன்றரை நொடிகூட ஓடாது. பாட்டு இப்படித் தொடங்கியதும் முடிந்துபோனால், பங்க் ராக் வாடையும் அடித்தால், கிரைண்ட்கோர். அது சுலபம். டெத்தா, பிளாக்கா என்பதுதான் சிக்கல், ஏனென்றால் இரண்டிலும் பிளாஸ்ட் பீட் உண்டு.

இதற்கு நான் தரும் பயிற்சி ஒன்றே ஒன்று. நார்வேயின் டார்க்த்ரோன் 1991-இல் ‘சோல்சைட் ஜர்னி’ என்று ஒரு டெத் மெட்டல் ஆல்பம் போட்டது. அடுத்த வருடமே ‘எ பிளேஸ் இன் த நார்தர்ன் ஸ்கை’ என்று ஒரு பிளாக் மெட்டல் ஆல்பம். அதே குழு, அதே டிரம்மர். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவதில் ரிஃப், அதாவது கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் சின்ன வாசிப்பு, சில நொடிகளுக்கொரு முறை மாறும், டிரம்ஸும் கூடவே வெட்டி, நின்று, திரும்பும். கிட்டார் தடித்து, கீழ்ச் சுருதியில் இருக்கும். இரண்டாவதில் ஒலி மெலிந்து, கூர்மையாக, பழைய கேசட்டில் பதிந்ததுபோல் இருக்கும். வேண்டுமென்றே செய்தது அது. பிளாஸ்ட் பீட் ஓடும் பகுதிகளில் கிட்டார் கை நிற்காமல் மேலும் கீழும் உரசிக்கொண்டே இருக்கும், வெட்டு விழாது. டிரம்ஸ் அவ்வளவு வேகமாக ஓடினாலும் மேலே மெட்டு நிதானமாகத்தான் நகரும். அந்த மெட்டை முணுமுணுக்க முயலுங்கள். வேகப் பாட்டுக்கு மெதுவாக முணுமுணுக்க வருகிறதென்றால் அது பிளாக். முணுமுணுப்பதற்குள் ரிஃப் மாறிப்போனால் டெத்.

டெத் மெட்டலுக்குள்ளேயும் ஊர் பார்த்துப் பிரிக்கலாம். ஃபுளோரிடாவின் டாம்பா பக்கம் வந்தவை, உதாரணமாக மார்பிட் ஏஞ்சல், ஒபிச்சுவரி, துல்லியமாக இருக்கும். ஸ்டாக்ஹோமின் என்டூம்ட் 1990-இல் போட்ட ஆல்பத்தில் கிட்டார் ரம்பம் அறுப்பதுபோல் இரையும். பாஸ் எச்எம்-2 என்ற, கிட்டார் ஒலியை மாற்றும் பெடலின் குமிழ்கள் எல்லாவற்றையும் கடைசிவரை திருகிவிட்டால் வருகிற ஒலி அது. ஒரு முறை கேட்டால் அப்புறம் எங்கே கேட்டாலும் தெரிந்துவிடும்.

சில பாட்டில் தட்டவே வராது; எங்கே ஒன்று, எங்கே நான்கு என்று புரியாது. அப்போது சிம்பல் என்ற உலோகத் தட்டை மட்டும் பிடியுங்கள். ஸ்வீடனின் மெஷுகா பாட்டுகளில் பெரும்பாலும் வலது கை சிம்பலில் நேரான நான்கை எண்ணிக்கொண்டிருக்கும். கால்கள் கிட்டாரோடு சேர்ந்து வேறொரு கணக்கில் ஓடும். இரண்டும் எப்போது ஒன்றாக வந்து விழுகின்றன என்று காத்திருப்பதில்தான் ருசியே. இந்த வழியில் வந்ததுதான் ஜென்ட். கணக்கு அடிக்கடி மாறி, கீபோர்டும் நீண்ட தனிவாசிப்பும் சேர்ந்தால் ப்ரோக்ரெசிவ். ட்ரீம் தியேட்டரின் 1992 ஆல்பத்தில் தொடங்கலாம்.

மற்றவற்றுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். த்ராஷ் ரிஃபை நடுத்தர வேகத்துக்கு இறக்கி ஆட்டத்தோடு அடித்தால் குரூவ், பேன்டெரா மாதிரி. ஏழு கம்பி கிட்டாரில் ஹிப் ஹாப் தாளம் கலந்து, தனிவாசிப்பு அதிகம் இல்லாமல் வந்தால் நியூ மெட்டல். 1994-இல் கோர்ன் தொடங்கிவைத்தது. வேகமாகப் போய்க்கொண்டிருந்த பாட்டு திடீரென்று பாதி வேகத்துக்கு இறங்கிக் கனமாக மிதித்தால் அது பிரேக்டவுன், கூடவே ஹார்ட்கோர் பங்க் பாணிக் கத்தலும் இருந்தால் மெட்டல்கோர்.

சரி, குரல் எப்போது? முதல் இரண்டும் முடிந்த பிறகுதான். கோதன்பர்க்கின் அட் த கேட்ஸ் 1995-இல் போட்ட ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குரலை மட்டும் கேட்டால் எதிலும் சேர்க்க முடியாத ஒரு கிறீச்சல். டிரம்ஸைத் தட்டிப் பார்த்தால் பெரும்பாலும் த்ராஷ் ஓட்டம். கிட்டாரைக் கேட்டால் மெய்டனைப்போல் இரண்டு கிட்டார் இணைந்து இழுக்கும் மெட்டு. இப்போது அந்தக் குரலைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: மெலோடிக் டெத் மெட்டல்.