கீரை பாஸ்தா: சேமியா கிண்டிய கை செய்யும் தவறுகள்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் கீரை விற்கும் ஆயா கட்டைக் கையில் எடுத்ததும் வழக்கம்போலக் கேட்டார், "கூட்டுக்கா, பொரியலுக்கா தம்பி?" பாஸ்தாவுக்கு என்றேன். "அதான் தெரியுமே, சேமியா மாதிரி."

அங்கேதான் சிக்கல். சோறு வடித்து, சேமியா கிண்டி, கீரை கடைந்து பழகிய கை பாஸ்தாவிலும் அதையே செய்துவிடுகிறது.

முதலில் அலசுவது. சேமியா ஒட்டக் கூடாதென்று வெந்ததும் பச்சைத் தண்ணீரில் அலசுவோம். பாஸ்தாவை அப்படி அலசினால் மேலே இருக்கும் மாவுச்சத்து போய்விடும். அப்புறம் எண்ணெயும் பூண்டும் அதில் பிடிக்காமல் தட்டின் அடியில் குளம் கட்டி நிற்கும். இதைவிடப் பெரிய தவறு, வெந்த தண்ணீரை முழுக்கச் சிங்க்கில் கொட்டுவது. கஞ்சியின் அருமை தெரிந்த நாமே இதைச் செய்கிறோம்! அந்தக் கஞ்சித் தண்ணீர்தான் இந்தச் சமையலுக்கு சாஸ். வாணலியில் எண்ணெயோடு பாஸ்தாவைப் போட்டு, ஒரு குழிக்கரண்டி கஞ்சியை விட்டு, நன்றாகக் கொதிக்கும்போது விடாமல் புரட்டுங்கள். முதலில் தண்ணீர் தனி, எண்ணெய் தனி என்று தெரியும். அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் இரண்டும் கலங்கி, இளகிய மோர்க்குழம்பு போலாகிப் பாஸ்தாவின் மேல் பளபளவென்று படியும். இது வந்துவிட்டால் க்ரீமும் வேண்டாம், மைதா கரைத்த வெள்ளை சாஸும் வேண்டாம். சாப்பிட்டபின் வயிறு கனக்காமல் இருப்பது இதனால்தான்.

வேகவைக்கும் தண்ணீரில் எண்ணெய் விடுவதும் வீண். அது மேலே மிதக்கும், ஒட்டுவதைத் தடுக்காது. போட்ட முதல் இரண்டு நிமிடம் கிளறினாலே போதும். 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலியர் கணக்கு. கஞ்சியும் வாணலிக்குப் போகப் போவதால் நான் 7 கிராமோடு நிறுத்திக்கொள்கிறேன். பாக்கெட்டில் 10 நிமிடம் என்று போட்டிருந்தால் 8 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள், மீதி வாணலியில் வேகும். வாங்கும்போதே டியூரம் என்ற கெட்டியான கோதுமை வகையின் ரவையில் செய்ததா என்று பாருங்கள். மைதா பாஸ்தா சட்டென்று குழைந்துவிடும்.

பூண்டு விஷயத்தில் தாளிப்புப் பழக்கம் கெடுக்கும். கடுகு வெடிக்கிற சூட்டில் பூண்டைப் போட்டால் கருகிக் கசக்கும். இன்னும் சூடாக்காத ஆலிவ் எண்ணெயில் நறுக்கிய பூண்டையும் கிள்ளிய மிளகாயையும் போட்டு, அதன்பிறகு சிறுதீயில் அடுப்பைப் பற்றவையுங்கள். நல்லெண்ணெய் மட்டும் வேண்டாம், அதன் வாசனை எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

சரி, கீரைக்கு வருவோம். எல்லாக் கீரையையும் ஒரே நேரத்தில் போடுவதுதான் இங்கே பெரிய பிழை. பாலக்கீரைக்கு ஒரு நிமிடம் போதும். அரைக்கீரை, சிறுகீரைக்கு இரண்டு மூன்று நிமிடம். முருங்கைக்கீரையைக் கடைசியில் பச்சையாகத் தூவி ஒருமுறை ஏமாந்தேன். வாயில் நார், பல்லிடுக்கில் காம்பு! அதைப் பொறுமையாக உருவி ஐந்து நிமிடமாவது வேகவிட வேண்டும். சிவப்புத் தண்டுக்கீரை போட்டால் பாஸ்தா பீட்ரூட் சாதம் போலாகும்.

கசக்கும் என்று மணத்தக்காளியை ஒதுக்குவதும் தவறு. இத்தாலியின் குதிகால் பக்கமுள்ள புலியாவில், ஓரெக்கியெத்தே என்ற காது வடிவப் பாஸ்தாவைச் சீமே தி ராப்பா என்ற கசப்புக் கீரையோடு சேர்த்தே சமைக்கிறார்கள், இரண்டும் ஒரே தண்ணீரில் வேகும். கசப்புக்கும் பூண்டுக்கும் அப்படியொரு பொருத்தம்.

கீரை வேகும்போது மூடி போடாதீர்கள். வேகும் கீரையிலிருந்து வரும் அமிலம் ஆவியோடு வெளியேறாமல் உள்ளேயே தங்கி, பச்சையத்தைச் சிதைத்துப் பாசி நிறமாக்கும். எலுமிச்சையையும் அதே காரணத்துக்காக அடுப்பை அணைத்த பிறகே பிழியுங்கள். சீஸ் துருவலும் அப்போதுதான், கொதிக்கும்போது போட்டால் திரிதிரியாகக் கரண்டியில் ஒட்டிக்கொள்ளும்.

கழுவுவதில் ஒரு சின்ன நுணுக்கம். அகலப் பாத்திரத்தில் கீரையை அலசி, தண்ணீரோடு சேர்த்து வடிகட்டியில் கவிழ்க்காமல், கையால் அள்ளி எடுங்கள். கவிழ்த்தால் அடியில் தங்கிய மணல் திரும்பக் கீரை மேலேயே விழும். மூன்று தண்ணீர் மாற்றினால் நல்லது.

வீட்டில் எல்லோரும் வரட்டும் என்று மூடிவைத்தால் பத்து நிமிடத்தில் பாஸ்தா சாறையெல்லாம் உறிஞ்சிக் கட்டியாகிவிடும். ஒரு டம்ளர் கஞ்சியைத் தனியாக எடுத்து வைத்திருந்தால், தாமதமாக வருகிறவருக்கு அதைத் தெளித்து ஒரு புரட்டுப் புரட்டிப் பரிமாறலாம்.