இரண்டு மடங்குக்கு மேல் அமிழ்ந்த களிமண்

மென்களிமண் சுமையில் எவ்வளவு அமிழும், எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடும் மாடிஃபைட் கேம் கிளே என்ற கணித மாதிரியைச் சோதித்துக்கொண்டிருந்தேன். களிமண்ணைப் பக்கவாட்டில் விரியவிடாமல் மேலிருந்து அழுத்தும் ஈடோமீட்டர் சோதனையைக் கணினியில் ஓட்டினால், ஆய்வகத்தில் அமிழ்ந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அமிழ்கிறது. ரோஸ்கோவும் பர்லண்டும் 1968-லேயே தந்த மாதிரி. அதைக் குறை சொல்லுமுன் என் எண்களைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

விகிதத்தைக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 2.3. அப்போதுதான் உறைத்தது. அழுத்தம் கூடக்கூட மண் எவ்வளவு சுருங்கும் என்று சொல்லும் அமுக்கக் குறியெண் 0.69-ஐ, மாதிரி கேட்கும் லாம்டா கட்டத்தில் அப்படியே போட்டிருக்கிறேன்! இரண்டும் அளப்பது ஒன்றைத்தான், ஆனால் அளவுகோல் வேறு. குறியெண் பத்தை அடியாகக் கொண்ட மடக்கையில் (log) வருவது. லாம்டா இயல் மடக்கையில் (ln). 2.303-ஆல் வகுத்து 0.30 என்று மாற்றினேன். அழுத்தம் குறையும்போது மண் மீள்வதைச் சொல்லும் கப்பாவுக்கும் அதே வைத்தியம். வளைகோடு சோதனைப் புள்ளிகள் மேல் போய் உட்கார்ந்தது.

சரி, முடிந்ததா? எந்தத் தரவிலிருந்து எண்களை எடுத்தோமோ அதிலேயே பொருந்துவது பெரிய விஷயமில்லையே. அதே எண்களைத் தொடாமல், மண்ணைச் சுற்றிலும் அழுத்திப் பிடித்து, நீர் வடியவிடாமல் மேலிருந்து அமுக்கி வலுவை அளக்கும் டிரையாக்சியல் சோதனையைக் கணிக்க விட்டேன். வலுவின் உச்சம் வரை ஓரளவு ஒத்துப்போனது. அப்புறம் களிமண் வலுவிழந்து இறங்க, மாதிரி மட்டமாகவே போனது. துகள்களுக்கிடையே பிணைப்பு உடைவது அதற்குத் தெரியாது. அமிழ்வுக்கு மட்டும் அந்த மாதிரியை வைத்துக்கொண்டு, கரைச் சரிவு நிற்குமா என்ற கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.