செடி வாடவில்லை என்பதால் மண் நல்ல மண் ஆகிவிடாது

பழைய பட்டறை இருந்த இடத்திலும், ஈய பெயின்ட் உதிர்ந்து கிடக்கும் சுவரோரத்திலும் தோட்டம் போட்டவர்கள் ஒரு சமாதானம் வைத்திருப்பார்கள்: "மண்ணில் விஷ உலோகம் இருந்தால் செடி கருகியிருக்குமே?" நானும் ஒரு காலத்தில் அப்படி நம்பியவன்தான்.

துத்தநாகம், செம்பு விஷயத்தில் இந்தக் கணக்கு ஓரளவு சரி. நமக்குக் கெடுதல் வரும் அளவை எட்டும் முன்பே செடி மஞ்சளாகி முடங்கிவிடும். காட்மியம் என்ற நச்சு உலோகத்துக்கு அந்த நேர்மை கிடையாது. தீட்டிய அரிசியில் காட்மியம் கிலோவுக்கு 0.4 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்பு. அதைத் தாண்டிய நெற்பயிரும் வயலில் பச்சைப்பசேலென்று நிற்கும். ஜப்பானில் கமியோகா சுரங்கத்துக் காட்மியம் ஜின்சு ஆற்றில் கலந்து, அந்தப் பாசனத்தில் விளைந்த அரிசிக்குள் போனது. அதைப் பல ஆண்டுகள் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, எலும்பு நொறுங்கியது. அந்த 'இத்தாய் இத்தாய்' நோய்க்குக் காரணம் காட்மியம்தான் என்று அந்நாட்டு அரசு ஒப்புக்கொண்டது 1968-இல்.

வேர் ஏன் விஷத்தை உள்ளே விடுகிறது? வேருக்கு விஷம் தெரியாது; உருவமும் மின்னூட்டமும்தான் தெரியும். ஒவ்வொரு சத்துக்கும் வேரில் ஒரு வாசல் உண்டு. துத்தநாகத்தையும் மாங்கனீசையும் போலத் தோற்றம் காட்டும் காட்மியம் அந்த வாசல்களில் நுழைந்துவிடுகிறது. நெல்லில் அது பெரும்பாலும் வருவது மாங்கனீசு வாசல் வழியாக. காய்ந்த மண்ணில் ஆர்செனிக் மணிச்சத்தின் (பாஸ்பரஸ்) வேஷத்தில் வரும். நீர் தேங்கிய வயலில் வேறு வடிவம் எடுத்து, சிலிக்கா போகும் வழியில் ஏறும். நெல் சிலிக்காவை அள்ளிக் குடிக்கிற பயிர். மற்ற தானியங்களைவிட அரிசியில் ஆர்செனிக் கூடுதலாக இருப்பதன் மர்மம் இதுதான். (ஆர்செனிக்கைச் சுத்தமான உலோகம் என்று வேதியியல்காரர்கள் ஒப்ப மாட்டார்கள், வயலில் அந்த வழக்கு எடுபடாது.) ஈயமோ மண் துகளை இறுகப் பற்றிக்கொண்டு கிடக்கும். கொஞ்சம் நுழைந்தாலும் பெரும்பகுதி வேரோடு நின்றுவிடும்.

இந்த வாசல் வித்தியாசத்தைப் பார்க்காமல் எல்லா உலோகத்துக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பதுதான் பெரிய தவறு.

கீரையைக் கழுவுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டைப் பிரித்து, தண்டோடு இலை சேரும் இடுக்கை விரலால் தடவினால் நறநறவென்று மண் படும். கீரையில் ஈயம் பெரும்பாலும் அந்த நறநறப்பில்தான் இருக்கிறது. இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசுவதும், கிழங்கைத் தோல் சீவுவதும் அங்கே நல்ல பலன் தரும். காட்மியம் இலையின் சதைக்குள்ளேயே இருப்பதால் எத்தனை முறை அலசினாலும் போகாது. "நன்றாகக் கழுவினோம்" என்ற நிம்மதி பாதி நேரம் பொய்.

அடுத்தது சுண்ணாம்பு. புளிப்பேறிய மண்ணில் காட்மியம் கரைந்து வேருக்குச் சுலபமாகக் கிடைக்கும். சுண்ணாம்பு போட்டு அமிலத்தன்மையைக் குறைத்தால் அது அடங்கும். ஆனால் அதே சுண்ணாம்பு ஆர்செனிக்கின் பிடியைத் தளர்த்திவிடலாம். மணிச்சத்து உரமும் அப்படித்தான்: ஈயத்தைக் கட்டிப்போடும், ஆர்செனிக்கை மண்ணிலிருந்து கிளப்பிவிடும். எந்த உலோகம் என்று தெரியாமல் மூட்டையைப் பிரிக்காதீர்கள்.

நெல் வயலில் இந்த இழுபறி இன்னும் மோசம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் ஆர்செனிக் குறையும். நிலம் காயும்போது காட்மியம் விடுபடும். தண்ணீரைத் தேக்கியே வைத்தால் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து அடங்க, ஆர்செனிக் கிளம்பும். இரண்டும் உள்ள வயலுக்குப் பொதுவான ஒரே அட்டவணை கிடையாது. மண்ணையும் நெல்மணியையும் சோதித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சோதனை முடிவைப் படிப்பதிலும் ஒரு சறுக்கல் உண்டு. மொத்த அளவை மட்டும் பார்த்து பயப்படுவதோ நிம்மதி கொள்வதோ கூடாது. மொத்த அளவு ஒன்றாகவே இருந்தாலும், புளிப்பான மணல் மண்ணில் விளைந்த கீரைக்கும் மக்கு நிறைந்த களிமண்ணில் விளைந்த கீரைக்கும் நிறைய வித்தியாசம் வரும். பயிருக்குக் கிடைக்கும் அளவு, பிஎச் (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண்) இரண்டையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

உலோகம் வர ஆலைக்கழிவு வேண்டும் என்பதும் இல்லை. மணிச்சத்து உரம் தயாரிக்கும் பாஸ்பேட் பாறையிலேயே காட்மியம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் அத்தகைய உரங்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது. கழிவுநீர்ச் சேற்று உரமும் சந்தேகத்துக்குரியதே.

சூரியகாந்தி நட்டு மண்ணைச் சுத்தம் செய்யலாம் என்பார்கள். பொய்யில்லை, ஆனால் வருடக்கணக்கில் ஆகும். அறுத்த செடியை மக்குக் குழியில் போட்டால் உலோகம் மறுபடி உங்கள் மண்ணுக்கே வந்துவிடும். அது மக்கி அழியும் பொருளல்ல. அந்த விதையை வறுத்துத் தின்பது அதைவிட அபத்தம். காட்மியத்தை விதையில் சேர்க்கிற பயிர் அது.

சந்தேகமான நிலத்தில் நான் முதலில் கைவிடுவது கீரையையும் கிழங்கையும். தக்காளி, கத்தரி, பீன்ஸ் போன்ற காய்களுக்குப் பொதுவாகக் குறைவாகவே ஏறும். கீரை வேண்டுமென்றால் வெளி மண் கொட்டிய மேட்டுப் பாத்தி. பாத்தியைச் சுற்றி வைக்கோல் பரப்பிவிடுங்கள். மழைத்துளி விழும்போது பக்கத்து மண் தெறித்து இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டாது.