பழைய ஸ்டீரியோவுக்கு ஏற்ற சிறிய ஃபோனோ ப்ரீஆம்ப்

பழைய ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தில், இசைத்தட்டு சுழற்றியை (டர்ன்டேபிள்) இணைப்பதற்கான ‘ஃபோனோ’ உள்ளீடு இருந்து, அது இரைச்சலின்றி இயங்கினால், அதன் மெல்லிய மின் சமிக்ஞையைப் பெருக்கித் தரும் ப்ரீஆம்ப் பெட்டியைத் தனியாக வாங்கத் தேவையில்லை. இல்லையெனில் முதலில் கார்ட்ரிஜ் (ஊசியின் அசைவை மின் சமிக்ஞையாக மாற்றும் பகுதி) வகையைப் பார்க்க வேண்டும். மூவிங் மேக்னட் வகை பெரும்பாலும் 3 முதல் 5 மில்லிவோல்ட் வரை தருவதால், ஏறத்தாழ 40 டெசிபெல் பெருக்கமும் 47 கிலோ ஓம் உள்ளீட்டு மின்மறுப்பும் கொண்ட சிறு பெட்டியே போதும். மிகக் குறைந்த மின்னழுத்தம் தரும் மூவிங் காயில் வகைக்கு 60 டெசிபெல் அளவு வேண்டும்.

பலரும் கவனிக்கத் தவறுவது மின்தேக்குத்திறனை, அதாவது பிகோஃபாரடில் அளக்கப்படும், மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் தன்மையை. கேபிளும் ப்ரீஆம்பும் சேர்ந்த மொத்த அளவு, கார்ட்ரிஜ் தயாரிப்பாளர் குறிப்பிடும் பிகோஃபாரட் வரம்பைத் தாண்டினால், உயர் சுருதி ஒலிகள் முதலில் துருத்திக்கொண்டு கேட்கும், அதற்கும் மேலே மங்கிவிடும்; எனவே நீண்ட கேபிள் வேண்டாம். டர்ன்டேபிளின் எர்த் கம்பியை முடுக்கத் திருகு இல்லாத பெட்டியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ப்ரீஆம்பின் வெளியீட்டை ஆம்ப்ளிஃபயரின் ‘ஆக்ஸ்’ (பொதுவான) உள்ளீட்டில்தான் செருக வேண்டும். ‘ஃபோனோ’வில் செருகினால் ஆர்ஐஏஏ சமன்படுத்தல் (இசைத்தட்டில் பதியும்போது மாற்றப்பட்ட தாழ், உயர் சுருதிகளின் அளவைச் சரிசெய்வது) இருமுறை நிகழ்ந்து ஒலி சிதையும்.