சூப்பர்ஹீரோ திகில் கதை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாராவியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கூடி, குறும்படக் கதைகளைப் படித்துப் பேசுவோம். பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளைகள். பிறந்து வளர்ந்ததெல்லாம் மும்பைதான். சில வருடங்களாக வருகிற கதைகளில் பாதி ஒரே வகை. சாதாரண ஆள் ஒருவனுக்கு அமானுஷ்ய சக்தி வருகிறது, அவன் சூப்பர்ஹீரோ ஆகிறான். காமிக்ஸ் சாகசமும் பேய்க்கதையின் பயமும் கலந்த இந்த வகை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் அதே இடங்களில் கதைகள் திரும்பத் திரும்பச் சறுக்கும்போது மனசு கேட்கவில்லை.

முதல் சறுக்கல், சக்தி வருவதை வானத்திலிருந்து ஆரம்பிப்பது. நானே அதைச் செய்திருக்கிறேன். என் கதையின் நாயகன் இட்லி வியாபாரி. தாராவியில் விடிவதற்கு முன்னால் எத்தனையோ தமிழ் வீடுகளில் இட்லி வேகும், விடிந்ததும் பாத்திரத்தில் அடுக்கி ஊர் முழுக்க விற்கப் போவார்கள். அவர்களில் ஒருவனுடைய கை சூட்டில் வேகாது, இதுதான் சக்தி. அதை அவனுக்கு வரவைக்க நாலு பக்கம் எழுதினேன். மொட்டைமாடி, மின்னல், நீல வெளிச்சம், எங்கிருந்தோ ஒரு மந்திரக் குரல், எல்லாம் இருந்தது. படித்த நண்பர் அந்த நாலு பக்கத்தையும் தள்ளிவிட்டுப் பதினான்காம் பக்கத்தைத் திறந்து, "படம் இங்கேதான் ஆரம்பிக்குது" என்றார்.

அந்தப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான். விடியற்காலை நாலு மணி. அம்மா தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருக்கிறாள். மகன் தூக்கக் கலக்கத்தோடு வந்து கொப்பரை மூடியைத் திறக்கிறான். ஆவி முகத்தில் அடிக்கிறது. உள்ளே கைவிட்டுத் தட்டைத் தூக்கிக் கீழே வைக்கிறான். அடுத்த தட்டையும் அப்படியே எடுக்கிறான். அம்மாவின் கரண்டி பாதியில் நிற்கிறது. மாவு சொட்டுகிறது. "ஏல, துணி எங்கல?" என்று கேட்கிறாள். அவன் அப்போதுதான் தன் கையைப் பார்க்கிறான்.

மின்னலுக்கு வேலையே இல்லை. பார்க்கிறவர்களில் கொப்பரையில் கை சுட்டுக்கொள்ளாதவர் யார்? அந்தச் சூடு அவர்கள் விரலிலேயே இருக்கிறது.

இதில் நான் பாடமாக வைத்திருக்கும் படம் 2000-இல் வெளிவந்த 'அன்பிரேக்கபிள்'. எழுதி இயக்கிய எம். நைட் ஷியாமளன் மாஹேயில் பிறந்து பென்சில்வேனியாவில் வளர்ந்தவர், அம்மா தமிழ். பிலடெல்பியா ஸ்டேடியத்தில் செக்யூரிட்டி வேலை பார்க்கும் ஒருவன், பயங்கரமான ரயில் விபத்தில் தான் ஒருவன் மட்டும் கீறல்கூட இல்லாமல் பிழைக்கிறான். புரூஸ் வில்லிஸ் நடித்த அந்தப் பாத்திரம் தன்னிடம் சக்தி இருப்பதை நம்பவே மறுக்கிறது. வீட்டின் அடித்தளத்தில் அவன் எடை தூக்கும் காட்சியைப் பாருங்கள். சின்னப் பையனான மகன் தண்டில் எடையைக் கூட்டிக்கொண்டே போகிறான். தட்டுகள் தீர்ந்துபோய்ப் பெயின்ட் டப்பாக்களையும் சேர்த்துவிடுகிறார்கள். பறப்பது இல்லை, வெடிப்பது இல்லை. அப்பாவைப் பார்க்கும் பையனின் கண்ணில் வருகிற பயம்தான் காட்சி. சக்தி எப்படி வந்தது என்பதற்கு அந்தப் படம் காரணமே சொல்வதில்லை. நாமும் சொல்லத் தேவையில்லை. காரணம் சொல்லிவிட்டால் மர்மம் பாதி போய்விடும்.

இரண்டாவது தவறுதான் பெரியது. சக்தியைக் கொடுத்துவிட்டு, அவனிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளாமல் விடுவது. சக்திக்கு விலை இல்லையென்றால் திகில் எங்கிருந்து வரும்? தமிழ் காமிக்ஸ் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவர் இரும்புக்கை மாயாவி. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோவார், ஆனால் இரும்புக்கை மட்டும் மறையாது. எதிரி அந்தக் கையைப் பார்த்துவிடுவானோ என்பதுதான் பக்கத்தைப் புரட்ட வைக்கும். முழுசாக மறைந்திருந்தால் இரண்டு இதழில் அலுத்திருப்பார்.

என் இட்லி வியாபாரிக்கு முதல் பிரதியில் விலை எதுவும் இல்லை. தீப்பிடித்த வீட்டுக்குள் போனான், ஆளைத் தூக்கி வந்தான், ஊர் கைதட்டியது. கதை அத்தோடு செத்துப்போனது. மாதக்கணக்கில் அதை வைத்துக்கொண்டு திணறியபோது எங்கள் கூட்டத்தில் ஒரு பெண், மூன்று வயதுக் குழந்தைக்கு அம்மா, ஒரு கேள்வி கேட்டார். சூடு தெரியாத கைக்குக் காய்ச்சல் மட்டும் தெரியுமா?

அந்த ஒரு கேள்வியில் கதை திரும்பிவிட்டது. இப்போதைய பிரதியில் ராத்திரி மகள் முனகுகிறாள். அவன் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறான். ஒன்றும் இல்லை என்று போர்வையை இழுத்துவிட்டுப் படுத்துவிடுகிறான். காலையில் அவன் அம்மா வந்து பேத்தியைத் தொட்டதும் கையைப் பின்னுக்கு இழுக்கிறாள். பிள்ளையின் உடம்பு கொதிக்கிறது. அந்த இடத்தில் இசை கிடையாது, வில்லன் கிடையாது. ஆனால் படித்தபோது அறையில் ஒருவரும் பேசவில்லை. உங்கள் கதையிலும் சக்தி எந்த உறுப்பில் இருக்கிறதோ அந்த உறுப்பின் அன்றாட வேலை என்ன என்று கேளுங்கள். தூரத்துப் பேச்செல்லாம் கேட்கும் காதுக்கு, பக்கத்தில் படுத்திருப்பவளின் மெல்லிய குரல் பிடிபடுமா? நாளைக்கு நடப்பதைப் பார்க்கிற கண்ணுக்கு இன்றைக்கு எதிரே வரும் ஆளை அடையாளம் தெரியுமா?

அப்புறம் வில்லன். அவனுக்கும் ஒரு வீடு, ஒரு ஆசை, ஒரு நியாயம் வேண்டும். 2021-இல் வந்த மலையாளப் படம் 'மின்னல் முரளி'யில் தையல்காரனான நாயகனையும் வில்லன் ஷிபுவையும் ஒரே நேரத்தில்தான் மின்னல் தாக்குகிறது. ஷிபுவாக நடித்தவர் நம் குரு சோமசுந்தரம். அவனுடைய காதலைப் பார்த்தவர்களுக்கு அவனை வெறுக்க முடியாது. அதனால்தான் அவன் செய்வதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

மும்பையில் எழுதுகிறவர்களுக்கு இதில் தனியாக ஒரு எச்சரிக்கை உண்டு. நல்லவன் தமிழ் பேசுகிறான், கெட்டவன் இந்தியோ மராத்தியோ பேசுகிறான் என்று எழுதிவிடாதீர்கள். எத்தனையோ கதைகளில் இதைப் பார்த்துவிட்டேன், எழுதுகிறவர்களுக்கே அது தெரிவதில்லை. நம் சந்தில் பக்கத்து வீட்டு மராத்திக்கார அக்காதானே முதலில் ஓடி வருகிறார்? வில்லனும் நம் வீட்டுத் தமிழிலேயே, "சாப்பிட்டியால?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வரட்டும். அது இன்னும் பயங்கரமாக இருக்கும்.

2005 ஜூலை 26 மும்பை வெள்ளத்தை வைத்துக் கதை எழுதுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்குச் சாந்தாக்ரூஸில் பதிவான மழை 944 மில்லிமீட்டர். ஆட்கள் செத்திருக்கிறார்கள், அவர்களுடைய குடும்பங்கள் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கின்றன. உங்கள் நாயகன் அந்தத் தண்ணீரில் பறந்து வந்து எல்லோரையும் காப்பாற்றுவதாகக் காட்டினால், கழுத்தளவுத் தண்ணீரில் கயிறு பிடித்து நின்றவர்களுக்கு என்ன மரியாதை? அந்த நாளைத் தொடத்தான் வேண்டுமென்றால், சக்தி இருந்தும் வந்து சேர முடியாத ஒருவனை எழுதுங்கள்.

படமெடுக்கும்போது நடக்கிற தவறுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பயம் வேண்டுமென்று காட்சி முழுக்கப் பின்னணி இசையைப் போடாதீர்கள். கொப்பரை ஆவியின் சத்தம் போதும். டியூப்லைட்டை மினுக்கவிடுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. காமிக்ஸ் உணர்வு வேண்டுமென்று திரையை நாலு கட்டமாகப் பிரிக்காதீர்கள். ஷியாமளன் படத்தின் தொடக்கத்தில் ரயில் இருக்கைகளின் இடுக்கு வழியாகவே கேமரா பேசுகிறவர்களைப் பார்க்கும். அந்த இடுக்கே காமிக்ஸ் கட்டம் மாதிரிதான் இருக்கும். நம் சந்துகளில் கதவு, ஜன்னல் கம்பி, ஏணிப்படி எல்லாம் கட்டங்கள்தானே? உடையும் அப்படித்தான். அந்தப் படத்தில் நாயகனின் மேலங்கி, செக்யூரிட்டி ஆட்கள் போடுகிற மழைக்கோட்டுதான். மழைக்காலத்தில் நம் கட்டட வாட்ச்மேன் மாட்டியிருப்பதைப் பாருங்கள், தையல்கூலி மிச்சம்.

லோக்கல் ரயிலில் எடுக்க ரயில்வேயின் முன் அனுமதி வேண்டும், கட்டணமும் உண்டு. மாயாவி பாணியில் மின்சாரக் கதை யோசிக்கிற தம்பிகள் ரயில் கூரை பக்கம் போகவே கூடாது. மேலே போகிற கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது, தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே பாய்ந்துவிடும். அந்தக் காட்சியைக் கதையிலிருந்தே எடுத்துவிடுங்கள், பார்த்துவிட்டு ஏறிப் பார்க்கும் பொடியன்கள் இருக்கிறார்கள். மாயாவியையே நாயகனாகப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். அவர் மூலத்தில் 1960-களின் பிரிட்டிஷ் காமிக்ஸ் பாத்திரம், உரிமை வேறொருவருடையது.

கடைசியாக, படத்தை என்ன வகை என்று சொல்வது என்ற சிக்கல். 'அன்பிரேக்கபிள்' வந்தபோது ஸ்டூடியோ அதைச் சூப்பர்ஹீரோ படம் என்று சொல்லத் தயங்கி, உளவியல் த்ரில்லராகவே விளம்பரப்படுத்தியது. எதையோ எதிர்பார்த்து வந்தவர்கள் குழம்பினார்கள். நீங்கள் மறைக்காதீர்கள், அதற்காகப் போஸ்டரில் தீயும் மின்னலும் போட்டு ஏமாற்றவும் வேண்டாம். எங்கள் போஸ்டருக்கு நாங்கள் எடுத்த படத்தில் இருப்பது அடுப்பில் ஒரு கொப்பரை, பாதி திறந்த மூடி, ஆவிக்குள் போகிற ஒரு வெறுங்கை. பிடிதுணி பக்கத்தில் மடித்தபடியே கிடக்கிறது.